பதினைந்தாவது சுற்று

அம்மாப்பேட்டை,
ஐப்பசி 20.

மன்னார்குடி சம்பந்தி செல்லதுரை அவர்களுக்கு, தியாகராசன் கைகூப்பி எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நடவு முடிந்து வயலும் நலம். உங்கள் நலம் கேட்க நாலு நாளாகப் போன் போடுகிறேன், நீங்கள் எடுப்பதாக இல்லை. ஆகவே இந்தக் கடிதம்.

நிச்சயதார்த்தத்தன்று நடந்ததற்கு அந்த மோட்டாரைத்தான் குற்றம் சொல்வேன். நடுவே ஒரு வட்ட மேடை, அதைச் சுற்றி மோட்டாரில் ஓடும் இரும்புக் கை, கையின் நுனியில் கேமரா. என் மகள் வானதி ஆசைப்பட்டாள் என்று வரவழைத்தேன். மாப்பிள்ளையும் பெண்ணும் நின்றதோடு விட்டிருக்கலாம். சம்பந்திகளும் ஏற வேண்டும் என்றார்கள், ஏறினோம். கேமராக்காரர் சித்தீக் மோட்டாரை ஓடவிட்டார். "அதுதான் தானா ஓடுதே, நீங்க போயி பந்தியில உக்காருங்க தம்பி" என்று அவரை அனுப்பி வைத்த புண்ணியவானும் நான்தான். ரிமோட்டும் அவர் சட்டைப்பையிலேயே சாப்பிடப் போய்விட்டது. சும்மா நிற்பானேன் என்று உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினேன். மோட்டார் நின்றபாடில்லை. "நீங்க இறங்குங்க சம்பந்தி" என்றேன். "அதெப்படி, நீங்க முதல்ல" என்றீர்கள். "மாப்பிள்ளை வீட்டை நிக்க வச்சிட்டு நான் இறங்கறதா?" என்றேன். இப்படி மரியாதை பார்த்ததிலேயே பதினாலு சுற்று போயிற்று. பதினைந்தாவதில் பொன்னாடையின் முனை இரும்புக் கையில் மாட்டி, நம் இருவரையும் சேர்த்து நாற்றுக்கட்டு மாதிரி கட்டிவிட்டது. என் மூக்கு உங்கள் கண்ணாடியில் இடித்தபோதுகூட "நீங்க முதல்ல" என்றுதான் சொன்னீர்கள். சித்தீக் ரசம் சொட்டும் கையோடு ஓடி வந்து நிறுத்தினார்.

அதுகூடப் பெரிதில்லை. கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமல் "போறேன்" என்று காரில் ஏறிவிட்டீர்களே, அதுதான் தூங்க விடவில்லை. தை மாதக் கல்யாணம் நின்றுவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வானதி சரியாகச் சாப்பிடுவதே இல்லை. கோபத்தை என்மேல் வையுங்கள், பிள்ளைகள்மேல் வேண்டாம். கல்யாணத்தில் மின்விசிறியைத் தவிர வேறெதுவும் சுற்றாது. இது சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரி, என் தங்கச்சி முறை நீலாம்பாளுக்கு வணக்கம், மாப்பிள்ளை தமிழ்மாறனுக்கு ஆசி. கடைமடை வரை தண்ணீர் எட்டியதுபோல் உங்கள் வீட்டுக்கு எல்லா நன்மையும் எட்டட்டும்.

அன்புள்ள,
தியாகராசன்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் தங்கச்சி போனில் வந்தது. "அவரு எங்கண்ணே எடுக்கறது? அந்த வீடியோவைத் தெரு பூரா காட்டிக்கிட்டுத் திரியறாரு. நீங்க கூப்பிட்டா படம் நின்னுபோவுதுன்னு கட் பண்ணிடறாரு. அன்னைக்கு மூச்சு வாங்குனதுல 'போறேன்'னு பேச்சைப் பாதியிலேயே முடிச்சிட்டாரு, வேற ஒண்ணுமில்ல. கல்யாணத்துக்கும் அதே மோட்டார் வேணுமாம், கேக்கக் கூச்சப்படறாரு" என்றது. வானதி இப்போதுதான் நாலாவது தோசை சாப்பிடுகிறாள். மேலே செய்த சத்தியத்தை அடித்துவிடுங்கள், சித்தீக்கிடம் சொல்லியாயிற்று. ஆனால் கல்யாணத்தன்று நீங்கள்தான் முதலில் இறங்க வேண்டும். தயவுசெய்து "நீங்க முதல்ல" என்று பதில் எழுதிவிடாதீர்கள்.