கடுந்துயரம், வகை மூன்று

ஒருவரை நாட்டுக்குள் வராதே என்று சொல்ல ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும். வா என்று சொல்லத்தான் பதினேழு தாளும், நாலு போட்டோவும், இரண்டு காதும் தெரிகிற முகமும் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போக ஆசைப்பட்ட அம்மாவிடம் ‘வராதே’ ஸ்டாம்ப் ஏற்கெனவே இருந்தது.

அவள் செய்த குற்றம் இது. போன தடவை நூற்று எண்பது நாள் தங்கலாம் என்றார்கள். ஆறு மாதம்தானே என்று, சமையலறைக் காலண்டரில் ஆறு தாளைக் கிழித்துவிட்டு ஊர் திரும்பினாள். சில மாதங்களுக்கு முப்பத்தோரு நாள் என்பதை அவள் யோசிக்கவில்லை, அரசாங்கம் யோசித்தது. நாலு நாள் அதிகம். ஐந்து வருடம் தடை. இப்போது மகள் வயிற்றில் இரட்டை. இன்னும் எட்டே வாரம்.

தடைக்கு விலக்கு உண்டாம். விண்ணப்பித்தாள்.

தூதரக அதிகாரி கோப்பைப் புரட்டினார். “நீங்க போகாததால அங்க இருக்கிற உங்க மகளுக்குக் கடுந்துயரம் உண்டாகணும். அப்பத்தான் விலக்கு.”

“தினமும் போன்ல அழறா சார்.”

“சாதாரணத் துயரம். வகை ஒண்ணு.”

“தூக்கமே இல்லையாம்.”

“மிதமான துயரம். வகை ரெண்டு. கடுந்துயரம் வகை மூணு.” ஒரு தாளில் விரலை வைத்தார். “வீட்ல மாமியார் இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் ஏதும்மா துயரம்?”

முப்பது வருடம் மருமகளாக இருந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சாருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“கேள்வி நாங்கதான் கேக்கணும். தன்னால கவனிச்சுக்க முடியாதுன்னு மாமியார் கைப்பட ஒரு கடிதம் வேணும்.”

செய்தி கேட்டு மகள் போனில் கிசுகிசுத்தாள். “உங்களால முடியாதுன்னு எழுதிக் குடுங்கன்னு அவங்ககிட்ட எந்த வாயால கேப்பேன்? உசுரோட விடுவாங்களா?”

“தைரியமாக் கேளுடி. வயித்துல ரெண்டு இருக்கு, ஒண்ணும் பண்ண மாட்டாங்க.”

கடிதம் ஒட்டிய உறையில் வந்தது. அதிகாரியே பிரித்து உரக்கப் படித்தார்.

“‘முடியாது என்று எழுத நான் என்ன இவள் அம்மாவா? நாலு பிள்ளைகளை ஒண்டியாக வளர்த்தவள் நான். பிரசவமான மூன்றாம் நாள் எழுந்து வீடு துடைத்தேன். மருமகளையும் அப்படியே பழக்கப் போகிறேன். இப்போதே காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிடுகிறேன். குழந்தைகளை அவள் தூக்க வேண்டாம். அவளுக்குத் தூக்கத் தெரியாது.’”

படிக்கப் படிக்க அவர் குரல் உள்ளே போனது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வகை மூணு,” என்று ஸ்டாம்பை எடுத்தார்.

ஆனால் அரசாங்கம் ஏமாளி இல்லை. விலக்கின் கடைசி வரி சொன்னது: ‘மேற்படி துயரம் தீர்ந்த ஏழு நாட்களுக்குள் மேற்படியாள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.’ அதாவது, துயரம் தீர்க்க வந்தவள் அதைத் தீர்த்துத் தொலைத்துவிடக் கூடாது. தீர்ந்ததா என்று மாதாமாதம் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.

அம்மா போய்ச் சேர்ந்தாள். குழந்தைகள் பிறந்த இருபதாம் நாள் ஆய்வாளர் வந்தார். அம்மா அவசரமாக மகள் பக்கம் நகர்ந்தாள். “கொஞ்சம் அழுடி,” என்று மகள் காதில் ஓதினாள். மகள் அவளையே வெறித்துப் பார்த்தாள். அழக்கூடத் தெம்பில்லை.

அதற்குள் மாமியார் ஒரு குழந்தையோடு ஹாலுக்கு வந்தாள்.

“தொப்பி எங்க சம்பந்தி? சளி பிடிக்குமே,” என்று அம்மா ஆய்வாளரை மறந்து எழுந்தாள்.

“இந்தப் புழுக்கத்துல தொப்பியா? உங்க பொண்ணையும் இப்படித்தான் வளத்தீங்களா? அதான் இப்படி இருக்கா.”

“எப்படி இருக்கா?”

தொப்பி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. உள்ளே இரண்டாவது குழந்தையும் விழித்துக்கொண்டது.

சோபா நுனியில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் பேனாவை எடுத்தார். ‘விலக்கு வழங்கியபோது துயரம் ஒன்று. தற்போது இரண்டு. விலக்கு நீட்டிக்கப்படுகிறது. இனி ஆய்வு தேவையில்லை.’

அம்மா வெற்றியோடு சம்பந்தியைப் பார்த்தாள். மகள் ஆய்வாளரின் பின்னாலேயே வாசலுக்கு ஓடினாள்.

“சார், எனக்கு ஒரு தடை கிடைக்குமா?”

“உங்களுக்கா? நீங்க இந்த நாட்டுப் பிரஜையாச்சே!”

“நாட்டுக்கு வேண்டாம் சார். இந்த ஹாலுக்குள்ள வர மட்டும். அஞ்சு வருஷம் போதும்.”

ஆய்வாளர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த விண்ணப்பம் போட்டு ஏழு வருஷமா நானே காத்துக்கிட்டு இருக்கேம்மா.”