இரவல் வாய்க்காரர்

மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம், சவர்க்காரத்துக்குப் பஞ்சம், பற்றரிக்குப் பஞ்சம். இந்த யுத்த காலத்திலும் எங்கள் பகுதியில் தாராளமாகக் கிடைக்கிற ஒரே இனம் இரவல் வாய்க்காரர்தான். எந்த டிஸ்பென்சரியிலும் ஆட்கள் குந்தியிருக்கிற வாங்கிலே அவரைக் காணலாம். வருத்தம், அதாவது நோய், அவருக்கல்ல, அவர் வருத்தக்காரருக்குத் துணையாக வந்தவர். ஆனால் டொக்டர் வருத்தக்காரரைக் கேட்டால் திறக்கிற வாய் இவருடையது. நம்ப மாட்டீர்களா? உங்களையே ஒன்று கேட்கிறேன்: இப்போதெல்லாம் உங்களுக்கு நித்திரை எப்படி? பதிலை மனதுக்குள் வைத்திருங்கள். பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இனத்தை அடையாளம் காண்பது சுலபம். வருத்தக்காரரைச் சைக்கிள் கரியரில் ஏற்றி வந்து, வாங்கிலே இருத்தி, மிக்சர் வாங்கக் கொண்டுவந்த வெறும் போத்தலை அவர் மடியில் வைத்து, "நீ பேசாமல் இரு, நான் கதைக்கிறன்" என்று சொன்னாரென்றால் சந்தேகமே வேண்டாம். நாக்கை நீட்டச் சொன்னால் மட்டும் வருத்தக்காரருக்கு இடம் விடுவார். அப்போதும் தன் நாக்கைச் சற்று வெளியே விட்டுப் பார்ப்பார்.

உரும்பிராய் நாகலிங்கம் இந்த இனத்தின் தலைமகன். தோட்டக்காரர், தங்கமான மனிதர். மனைவி பத்மாசினிக்குக் கன நாளாகத் தலையிடி, இடுப்பிலே நாரி உளைவு, நெஞ்சுக்குள் ஏதோ ஓடுகிற மாதிரி ஒரு தொல்லை. டிஸ்பென்சரிக்குப் போகும்போதெல்லாம் நாகலிங்கம் "வாயு" என்றார். பழைய டொக்டரும் வாயு மிக்சரே ஊற்றிக் கொடுத்தார். மிக்சர் தீர்ந்தது. நெஞ்சு ஓட்டம் தீரவில்லை.

பிறகு ஸ்ரெல்லா என்ற புதிய டொக்டர் வந்தார். அவருக்கு ஒரு பழக்கம். தலையிடியென்று போனாலும் காலுளைவென்று போனாலும் நித்திரை, பசி, யோசனை, அழுகை என்று எல்லோரிடமும் மனதையும் விசாரிப்பார். ஊர் மிரண்டது. பத்மாசினிக்கோ இதைக் கேள்விப்பட்டதும் உயிர் வந்தது. இந்த முறை தானே பதில் சொல்வதென்று தீர்மானித்து, வழி நெடுகக் கணவனின் முதுகுக்குப் பின்னால் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டே வந்தார்.

நாகலிங்கமும் தீர்மானத்தோடுதான் வந்தார். மகளுக்குச் சாவகச்சேரியில் சம்பந்தம் பேச்சாகியிருந்தது. டொக்டரின் யன்னலுக்கு வெளியே வரிசை முழுவதும் காது. பெண்ணின் தாய்க்கு மனதிலே வருத்தமாம் என்ற கதை சாவகச்சேரிக்குப் போக பஸ்கூடத் தேவையில்லை.

"நித்திரை எப்பிடி, அம்மா?" என்று கேட்டார் ஸ்ரெல்லா.

"படுத்தால் கட்டைதான்," என்றார் நாகலிங்கம்.

பசி? நேற்றும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாராம். யோசனை? குண்டு போடுகிற பிளேனுக்குப் பங்கர் வெட்டி மேலே பனங்குற்றியும் அடுக்கியாயிற்று, இனி யோசிக்க என்ன கிடக்கிறது? சீவிக்கத்தான் வேண்டுமோ என்ற நினைப்பு வருமா? அதற்கு இவவுக்கு ஏது நேரம், வீட்டிலே மாடு இரண்டு நிற்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் பத்மாசினியின் வாய் திறந்து, சும்மா மூடியது.

"அழுகை வருதோ?"

"வெங்காயம் உரிக்கிற கண் அழாமல் என்ன செய்யும், டொக்டர்?"

ஸ்ரெல்லா எழுந்து தெர்மாமீற்றரை உதறினார். "ஐயா, உங்கடை முகம் சரியில்லை. இதை நாக்குக்குக் கீழை வையுங்கோ. நான் சொல்லுமட்டும் வாய் திறக்கக் கூடாது."

இரவல் வாய்க்காரருக்கு ஒரு பலவீனம் உண்டு: டொக்டர் சொல்லைத் தட்ட மாட்டார். வாய் பூட்டிற்று. கண் இரண்டும் ஓவர்டைம் செய்தன.

பத்மாசினி பாடமாக்கியதையெல்லாம் மறந்துபோனார். உள்ளதைச் சொன்னார். "பிளேன் வந்தாலும் நெஞ்சு பதகளிக்குது, வராட்டிலும் பதகளிக்குது. தண்ணி அள்ளப் போனால் வாளியை விட்டிட்டுக் கிணத்தையே பாத்துக்கொண்டு நிக்கிறன். அது எனக்கே பயமாக் கிடக்கு, டொக்டர்."

நாகலிங்கத்தின் வாயில் தெர்மாமீற்றர் நடுங்கியது.

"அப்ப அந்த வெங்காயம்?" என்றார் ஸ்ரெல்லா.

"எனக்கு ஏலாமல் போனாப் பிறகு வெங்காயம் உரிக்கிறது இவர்தான். வெங்காயம் இல்லாத நாளிலையும் அடுப்படியிலை நிண்டு கண்ணைத் துடைக்கிறார்."

ஸ்ரெல்லா தெர்மாமீற்றரை எடுத்துவிட்டு, நாகலிங்கத்திடமே அதே கேள்வியைக் கேட்டார். நித்திரை எப்படி? தன் வருத்தத்தைத் தானே சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. துணைக்கு வந்தவரைத் தேடுகிற மாதிரிப் பக்கத்தைப் பார்த்தார்.

"இவர் எங்கை, டொக்டர், நித்திரை கொள்ளுறது?" என்று தொடங்கினார் பத்மாசினி.

ஸ்ரெல்லா தெர்மாமீற்றரைக் கழுவி பத்மாசினி பக்கம் நீட்டினார்.

இருவருக்கும் வைத்தியம் நடக்கிறது. பத்மாசினி இப்போது கிணற்றடியில் வாளியைத்தான் பார்க்கிறார். தெர்மாமீற்றர் வைத்த அடுத்த நாளே டிஸ்பென்சரி வரிசையில் ஒரு புதுக் கோரிக்கை கிளம்பியது: "முதலிலை எங்கடை ஆளின்ரை வாயிலை வையுங்கோ, டொக்டர்." சாவகச்சேரிக்கும் கதை போகத்தான் செய்தது. மாப்பிள்ளையின் தாயார் சம்பந்தத்துக்கு ஓம் என்று சொல்லியனுப்பினார்; கூடவே, அந்தத் தெர்மாமீற்றரைத் தன் கணவருக்கு ஒரு கிழமை இரவலாகத் தருவார்களா என்றும் விசாரித்தாராம்.

சரி, வாசித்து முடித்துவிட்டீர்கள். "இது எங்கள் அத்தானேதான், அச்சொட்டாக அவரேதான்" என்று நடுவிலே எத்தனை தரம் சிரித்தீர்கள்? அவருக்கு இரவிலே நித்திரை வருவதில்லை என்பதையும் இந்நேரம் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லியிருப்பீர்கள். நான் அத்தானைக் கேட்கவில்லை. உங்களைக் கேட்டேன்.