பிரிட்ஜ் தலைமையில் ஒரு குடும்பம்

ஒருவர் தன் வீட்டில்தான் வசிக்கிறார் என்பதற்குத் தக்க அத்தாட்சி வேண்டும் என்பதில் தலைமை எழுத்தருக்கு இரண்டாம் கருத்து கிடையாது. கேட்காமல் விட்டால் ஆளாளுக்குத் தங்கள் இஷ்டத்துக்கு வீட்டில் வசிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி. வசிப்பிடச் சான்றுப் பிரிவிலேயே தலை நரைத்தவர். அன்று காலையும் ஒரு தையல்காரரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"நேத்து எங்க ஆள் விசாரணைக்கு வந்தப்ப நீங்க வீட்டுல இல்லையே?"

"இங்க வரிசையில நின்னுட்டிருந்தேன் சார்."

"அப்ப இங்க இருந்திருக்கீங்க. அங்க வசிக்கறீங்கன்னு எப்படி எழுதறது?"

"நான் ஒண்டிக்கட்டை சார். நான் இங்க வந்தா அங்க யாரும் இருக்க மாட்டாங்க."

"வெளியில நிக்கறவரை உள்ள வசிக்கறார்னு எழுதிட்டு, நாளைக்கு யார் பதில் சொல்றது?"

தையல்காரர் மனுவை மடித்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்து மேசை இளநிலை எழுத்தர், வேலைக்குப் புதிதாக வந்த பெண், அந்த வாக்கியத்தை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதைக் கவனித்த தலைமை எழுத்தருக்கு மனம் குளிர்ந்தது. நமக்குப் பின்னாலும் பிரிவு நன்றாக நடக்கும்.

இப்படிப்பட்டவர் வீட்டில் இணையம் எப்படி நுழைந்தது என்றால், மாடிவீட்டுக்காரர் வழியாகத்தான். ஒருநாள் படிக்கட்டில் வழிமறித்து, "உங்க வீட்டு பிரிட்ஜ் இன்னும் பேசலையா?" என்று கேட்டார். வயதாகியும் குழந்தைக்குப் பேச்சு வராத வீட்டில் விசாரிப்பார்களே, அந்தக் குரல். தலைமை எழுத்தரின் மனைவிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த மாதத்துக்குள் பேசும் பிரிட்ஜ், பாட்டுப் பாடும் துணி துவைக்கும் இயந்திரம், தானே சுற்றிவந்து வீடு பெருக்கும் ஒரு வட்டத் தட்டு, சொன்னால் எரியும் விளக்குகள், சாவியே வேண்டாத வாசல் பூட்டு எல்லாம் வந்து இறங்கின. பழைய சாவியை மகள் அலங்காரத்துக்காகச் சுவரில் மாட்டினாள். அதை நுழைக்கக் கதவில் துளை இல்லை.

இத்தனை பேருக்கு ஈடுகொடுக்கப் பழைய இணைப்பால் முடியவில்லை. விளக்கை எரியச் சொன்னால் "காத்திருக்கவும்" என்றது. பெருக்கும் தட்டு கட்டிலுக்கு அடியில் போய் வழி தெரியாமல் அழுதது.

"சுவிட்சைப் போட்டா என்னம்மா?" என்றார் தலைமை எழுத்தர்.

"சுவிட்சா? யாராவது பார்த்தா என்னப்பா நினைப்பாங்க?" என்றாள் மகள்.

ஆகவே இணைப்பை உயர்த்துவதென்று முடிவாயிற்று. இணைய நிறுவனத்திலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். முன்பெல்லாம் இதே வேலைக்கு வயர் இழுக்கிறவர் வருவார். இப்போது அவரேதான் வந்தார், ஆனால் ஆலோசகராக.

"வீட்டுல எத்தனை உறுப்பினர் சார்?"

"மூணு பேர்."

"மனுஷங்களைக் கேக்கல."

எண்ணிப் பார்த்ததில் பன்னிரண்டு தேறியது. நிறுவனத்தின் மகாகுடும்பத் திட்டத்தில் அனுமதியும் மிகச் சரியாகப் பன்னிரண்டுதான். மூவரின் போன்களை என்ன செய்வது? 'விருந்தினர்' என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதில் போட்டுவிடலாம், வித்தியாசமே தெரியாது என்றார் ஆலோசகர்.

"குடும்பத் தலைவர்னு யாரைப் போடட்டும்?"

தலைமை எழுத்தர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்க தினமும் ஆபீஸ் போறீங்க இல்ல சார்? விதிப்படி தலைவர் வீட்டை விட்டு நகரவே கூடாது. ராத்திரி பகல் முழிச்சிருக்கணும்." ஆலோசகர் கண்ணைச் சுழற்றி வீட்டைப் பார்த்தார். "பிரிட்ஜ்தான் தகுதியா இருக்கு."

"கல்யாணமானதுலேர்ந்து நானுந்தான் வீட்டை விட்டு நகரல," என்றாள் மனைவி.

"காய்கறி வாங்கப் போறீங்களேம்மா."

விதி என்று சொன்னபின் தலைமை எழுத்தர் தலையாட்டிவிட்டார். விதியை அவர் எங்கே பார்த்தாலும் எழுந்து நிற்கிற மனிதர்.

ஒரு வாரம் வீடு பிரமாதமாக நடந்தது. தையல்காரரைத் திருப்பி அனுப்பிய அந்த நாள்தான் எட்டாம் நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால், மனைவியும் மகளும் கடையிலிருந்து வாங்கிவந்த ஒரு புதிய பேசும் கெட்டிலுடன் வாசலில் நிற்கிறார்கள். இவர் போனை நீட்டியதும் பூட்டு கனிவாகப் பேசியது.

"தங்கள் ஏழு நாள் விருந்துக்காலம் இனிதே முடிந்தது. மீண்டும் வருக."

"எங்களுக்கும் இதேதாம்பா சொல்லுச்சு," என்றாள் மகள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தார். மேசைமேல் மூடிவைத்த சாப்பாடு தெரிந்தது. அதைச் சுற்றிப் பெருக்கும் தட்டு மகிழ்ச்சியாக ஓடிக்கொண்டிருந்தது. ஏசி ஓடியது. துணி துவைக்கும் இயந்திரம் வேலையை முடித்துவிட்டு ஒரு பாட்டுப் பாடியது. யாரும் யாரையும் தேடவில்லை. தலைமை எழுத்தருக்குப் பசி பாதி, அவமானம் பாதி.

நிறுவனத்தைக் கூப்பிட்டார்.

"குடும்பத் தலைவரைப் பேசச் சொல்லுங்க சார்."

"நான்தான் பேசறேன்."

"பதிவுல பிரிட்ஜ்னு இருக்கே?"

"அது நான் வாங்கின பிரிட்ஜ்ங்க!"

"அதனால உங்களைக் கொஞ்ச நாள் விருந்தினரா வச்சிருந்திருக்கு. மறுபடி சேர்க்கணும்னா நீங்க அங்கதான் வசிக்கறீங்கன்னு ஒரு சான்று அனுப்புங்க. வசிப்பிடச் சான்று. அந்த ஆபீஸ்ல உயிரை வாங்குவாங்க, பரவாயில்லையா?"

தலைமை எழுத்தர் முகம் மலர்ந்தது. "அரைமணியில வரேன். சாப்பாட்டைச் சூடு பண்ற வழியைப் பாரு," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அவள் எங்கே நிற்கிறாள் என்பதைக்கூடப் பார்க்காமல் ஓடினார்.

அலுவலகத்தில் இளநிலை எழுத்தர் முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நேர்ல விசாரிக்கணுமே சார். விசாரணை சமயத்துல நீங்க வீட்டுக்குள்ள இருக்கணும்."

"உள்ள போகத்தாம்மா சான்றே கேக்கறேன்."

"வெளியில நிக்கறவரை உள்ள வசிக்கறார்னு எழுதிட்டு, நாளைக்கு யார் சார் பதில் சொல்றது?"

ஒரு கணம் அவருக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த கணம் வயிறு இரைந்தது.

"நான் இந்தப் பிரிவோட தலைமை எழுத்தர்மா!"

"ஆபீஸ்லதானே சார் தலைமை? வீட்டுல பிரிட்ஜ்தானே?" அவள் சற்று யோசித்தாள். "இப்ப வீட்டுக்குள்ள யார் இருக்கா?"

"அதான் இருக்கு."

"அப்ப அதை விசாரிச்சுடலாமே."

நிறுவனத்தின் மூலமாக பிரிட்ஜுக்கு வீடியோ அழைப்புப் போனது. தாங்கள் இம்முகவரியில் தொடர்ந்து வசிக்கிறீர்களா என்று கேட்டாள். "ஆம், நான் வீட்டில்தான் இருக்கிறேன். முட்டை தீர்ந்துவிட்டது," என்றது பிரிட்ஜ். தயக்கமில்லை, அழுகை இல்லை, தெரிந்தவர் பெயரைச் சொல்லவில்லை. இவ்வளவு ஒழுங்கான மனுதாரரை அந்தப் பிரிவு அதுவரை கண்டதில்லை. பத்தே நிமிடத்தில் பிரிட்ஜின் பெயருக்குச் சான்று தயாரானது. அதைச் சார்ந்து வாழ்வோர் என்று கீழே மூன்று பேரைச் சேர்க்க விதியில் இடமும் இருந்தது.

"தலைவருக்கு நீங்க என்ன உறவு சார்? அதைக் குறிப்பிடணும்."

தலைமை எழுத்தர் மனைவியிடம் போனில் கேட்டார். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவளுக்குப் பொறுமை போயிருந்தது.

"அது வச்சிருக்கறதைத்தானே எடுத்துத் திங்கறோம்? பிள்ளைங்கன்னு போடுங்க!"

அப்படியே போட்டு, மேற்படி மூவரும் மேற்படி பிரிட்ஜின் ஆதரவில் வாழ்ந்துவருவது உண்மையே என்று தலைமை எழுத்தர் தன் கையாலேயே கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தி நிறுவனத்துக்கு அனுப்பினார். வீட்டுக்குத் திரும்பியபோது கதவு தானாகத் திறந்தது. "வாருங்கள், பிள்ளைகளே," என்றது பூட்டு. மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு அடக்கமாக உள்ளே போனார்கள். சாப்பாடு ஆறிப்போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

விஷயம் மாடிவீட்டுக்காரரிடமிருந்துதான் ஊருக்குப் பரவியிருக்க வேண்டும். "எங்க பிரிட்ஜும் பேசுதே, ஆனா காரியம் சாதிக்கத் துப்பில்லை," என்று அவர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினாராம். மறுநாள் காலை அலுவலக வாசலில் வரிசை தெருமுனையைத் தாண்டியது. பாதிப் பேர் தங்கள் பிரிட்ஜைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். வெயில் படாமல் சிலர் குடை பிடித்தார்கள். அவற்றை முதலில் உள்ளே விடும்படி மேலிடத்திலிருந்தே வாய்மொழி உத்தரவு வந்தது. வேலை வேகமாக நடந்தது. இயந்திரங்கள் வளவளவென்று பேசுவதில்லை.

கடைசியாக அந்தத் தையல்காரர் வந்தார். வெறுங்கையோடு வந்திருந்தார்.

"குடும்பத் தலைவர் வரலையா?" என்றார் தலைமை எழுத்தர்.

"நான் ஒருத்தன்தானே சார்."

"வீட்டுல பேசற பொருள்னு ஏதாவது இருக்கா?"

தையல்காரர் யோசித்துப் பார்த்தார்.

"நான் பேசுவேன் சார்."

தலைமை எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது.

"அது செல்லாதுங்க," என்றார். "நானே வீட்டுல பேசிப் பார்த்துட்டேன்."