பெஞ்சில் பார்த்த உத்தியோகம்

வேலை கிடைக்காதவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிடைக்காத வேலைக்கு நேரம் தவறாமல் போய்வந்தவனைப் பார்த்ததுண்டா? அடியேன்தான்.

வெள்ளைக்காரன் போன புதிது. ராயபுரத்தில் அக்கா வீட்டில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்தேன். திருவொற்றியூர் எல்லப்பன் தன் மகள் பூங்காவனத்தை எனக்குக் கொடுப்பதாக இருந்தார். ஆனால் முதலில் எனக்கொரு வேலை வேண்டும். தான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஆள் எடுப்பதாக அவரே சொல்லியனுப்பினார்.

அக்கா புருஷன் கோதண்டம் துறைமுக ஆபீஸ் பியூன். எங்கள் தெருவுக்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர்.

"லேபர்னா தலைல மூட்டை. ஒர்க்னா கைல கரி. ஜாப்னா இன்னிக்கு கீது, நாளைக்கு இல்ல. எம்ப்ளாய்மென்ட்னு கேளு மச்சான், அதான் குந்திகினு செய்றது."

(இதையெல்லாம் அவருக்கு யார் சொன்னார்களோ, இன்றுவரை தெரியாது.)

தொழிற்சாலைக்குப் போனேன். ஆங்கிலோ இந்திய மேனேஜர் கேட்டார். ஒர்க் வேண்டுமா? "நோ சார்." ஜாப்? "நோ சார்." லேபர்? பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் குழம்பினார். அவர் குழம்புவதைப் பார்த்து நானும் குழம்பினேன். பின்னே எதற்கு வந்தாய் என்றார்.

"எம்ப்ளாய்மென்ட் சார். சிட்டிங்."

தலையில் அடித்துக்கொண்டு வாசல் பெஞ்சைக் காட்டினார். "சிட் தேர்!"

கேட்டது கிடைத்துவிட்டது! மாலைச் சங்கு ஊதும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். கோதண்டம் தெருவுக்கே பக்கோடா வாங்கிக் கொடுத்தார். மறுநாள் காலைச் சங்குக்கு முன்பே பெஞ்சில் இருந்தேன். என்ன வேலை என்றுதான் புரியவில்லை. பெரிய உத்தியோகமென்றால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முந்தின நாள் லீவில் இருந்துவிட்டு, அன்று எனக்கும் முன்பே உள்ளே போயிருந்த எல்லப்பன் மத்தியானம் சாப்பிட வெளியே வந்தார்; என்னைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"இன்னா நைனா, இங்க குந்திகினு கீறே?"

"டூட்டி மாமா."

"இன்னா டூட்டி?"

"தெரியல மாமா. இன்னும் சொல்லல."

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், பூங்காவனம் கைநழுவிப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். மனிதர் என் கையைப் பிடித்து மேனேஜரிடம் தரதரவென்று இழுத்துப்போனார்.

"சும்மா குந்தறதுக்கே டயத்துக்கு வந்துகினு கீறான் சார். வேலை குடுத்தா வுடுவானா?"

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று சாயங்காலமே என் தலையில் மூட்டை ஏறியது. அடுத்த தை மாதம் கல்யாணமும் ஆயிற்று.

ரிட்டயராகி வருஷக்கணக்காகிறது. நான் நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது யாராவது தேடிவந்தால், பூங்காவனம் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறாள்.

"செத்த இருங்க. அவரு டூட்டில கீறாரு."