சவுக்கார அண்ணை திருப்பி அனுப்பிய காசோலை

உதவி கேட்டு நிதியங்களுக்கு எழுதுகிறவர்கள் லண்டனில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஒரு நிதியத்தையே தன்னிடம் வந்து கெஞ்ச வைத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் சவுக்கார அண்ணை.

யாழ்ப்பாணத்தில் சோப்பைச் சவர்க்காரம் என்போம். பேச்சில் அது சவுக்காரம். தெற்கு லண்டனில், சட்டனுக்குப் போகும் வழியில் இருந்த ஓர் அம்புலன்ஸ் டிப்போவில் அண்ணை வாகனம் கழுவினார். நான் அதே டிப்போவின் ஸ்டோரில் கையுறையும் பஞ்சும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் நடந்து வருவதற்குப் பத்து அடி முன்னால் சவுக்கார வாசனை வரும். சொந்தப் பெயரும் எனக்குத் தெரியும். இங்கே எழுதினால் என்னை உயிரோடு விடமாட்டார்.

அண்ணையைப் பொறுத்தவரை அம்புலன்ஸ் சேவை என்பது கழுவுவதில் தொடங்கிக் கழுவுவதில் முடிவது. இடையில் நோயாளியை ஏற்றி இறக்குவது, மருந்து கொடுப்பது எல்லாம் சில்லறை வேலைகள். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது என்னிடம் கணக்குச் சொல்லுவார்.

"தம்பி, இண்டைக்கு நாங்கள் மூண்டு பேரைக் காப்பாத்தினனாங்கள்."

"நாங்கள்" என்பதில் அவர் தன்னையும் டாக்டர்களையும் சரிசமமாகத்தான் சேர்த்திருந்தார். என்னைச் சேர்த்தாரா என்பது அன்றன்றைய மனநிலையைப் பொறுத்தது.

ஒருமுறை தலைமையகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி டிப்போவைப் பார்வையிட வந்தார். பேச்சுச் சுவாரசியத்தில் கையிலிருந்த கோப்பிக் குவளையை, கழுவி நிறுத்தியிருந்த அம்புலன்ஸின் ஸ்ட்ரெச்சர் மேல் வைத்துவிட்டார். அண்ணை குவளையை எடுத்தார். நேரே போய்க் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றினார். வெறுங்குவளையை இரண்டு கையாலும் மரியாதையாக அதிகாரியிடம் நீட்டினார்.

"சேர். திஸ் பெட். நொட் டேபிள்."

மனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி நல்ல மனிதர். "சொறி" என்றார். அண்ணை "ஓகே, ஃபெஸ்ட் டைம்" என்று மன்னித்து அனுப்பினார்.

இப்படிப்பட்டவர் ஒரு மாசி மாதக் காலையில் ஏணியிலிருந்து விழுந்தார். வாகனத்தின் கூரையைக் கழுவ ஏறியவரைத் தள்ளி விழுத்தியது அவருடைய சொந்தச் சவுக்கார நுரைதான். இடது தோள் இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. அவர் ஐந்து நிமிடத்துக்கு முன் கழுவி முடித்த பக்கத்து அம்புலன்ஸிலேயே அவரை ஏற்றினோம். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த மனிதர், கதவைச் சாத்தப் போகும் நேரத்தில் கத்தினார்.

"தம்பி! என்ர சப்பாத்தைக் கழட்டும்! நிலம் ஊத்தையாகப் போகுது!"

கழற்றிய பிறகுதான் வாகனத்தைக் கிளம்ப விட்டார்.

சிரிப்பு அதோடு நின்றுபோனது. அண்ணைக்குச் சம்பளம் கொடுத்தது அம்புலன்ஸ் சேவை இல்லை, கழுவும் வேலையைக் குத்தகைக்கு எடுத்த ஒரு கொம்பனி. சுகவீன லீவில் இருப்பவருக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய சின்னத் தொகையைத் தவிர அவர்கள் வேறெதுவும் கொடுக்கவில்லை. அவருடைய மனைவி ரெஜினா அக்கா ஒரு பாடசாலைச் சமையலறையில் பகல் மூன்று மணித்தியாலம் வேலை செய்தார். அந்தக் காசு சாப்பாட்டுக்குக் காணும், வாடகைக்குக் காணாது. இரண்டாம் மாதமே வீட்டுக்காரனிடமிருந்து கடிதம் வந்துவிட்டது.

டிப்போவின் தேநீர் அறையில் ஒரு விளம்பரத் தாள் பல வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவசர சேவை ஊழியர்களுக்கும் அவர்களது குடும்பங்களுக்கும் கஷ்ட காலத்தில் உதவும் ஒரு நிதியம். வாடகைக்கு உதவி, சிகிச்சைக்கு உதவி, மனம் உடைந்தவர்களுக்கு ஆலோசனை. நான் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு அண்ணையின் ஃபிளாட்டுக்குப் போனேன்.

அண்ணை கையைக் கட்டித் தொங்கவிட்டபடி சோபாவில் இருந்தார். படிவத்தைக் கண்டதும் முகம் கோணியது.

"பிச்சைக் காசோ தம்பி?"

"இல்லை அண்ணை. எமர்ஜென்சி வேர்க்கருக்கெண்டே வைச்சிருக்கிற காசு."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்களுக்கெண்டோ?"

"ஓம்."

"அப்ப எழுதும்."

தொழில் என்ற இடத்தில் நான் 'கிளீனர்' என்று எழுதினேன். எட்டிப் பார்த்தவர் அதை வெட்டச் சொன்னார். "எமர்ஜென்சி வேர்க்கர், பிராக்கெற்றுக்குள்ள வாகனம்" என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மிக அன்பான கடிதம். நிதியத்தின் விதிப்படி அவசர சேவை ஊழியர்களுக்கு மட்டுமே உதவலாம். குத்தகைக் கொம்பனியின் துப்புரவு ஊழியர்கள் அதற்குள் வரமாட்டார்கள். ஆனாலும் உங்கள் நிலைமையைக் கருதி, நல்லெண்ண அடிப்படையில், ஒரு தடவைக்கு மட்டும் இத்துடன் ஒரு காசோலை.

ரெஜினா அக்கா காசோலையைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டு மாத வாடகை அதில் இருந்தது. அண்ணை என்னைக் கடிதத்தை மூன்று தரம் வாசிக்க வைத்தார்.

"குட்வில் எண்டா என்ன?"

"நல்லெண்ணம்."

"நல்லெண்ணத்தை நான் கேட்டனானோ?"

"கேக்கேல்லை. ஆனா..."

"திருப்பி அனுப்பும்."

ரெஜினா அக்கா என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "தம்பி, இந்த மனிசன் விழேக்க தோள் மட்டும் உடையேல்லை. தலையும் உடைஞ்சிருக்கு. டொக்டர்மார் கவனிக்கேல்லை."

காசோலை திரும்பிப் போனது. நிதியம் திகைத்திருக்க வேண்டும். அதே காசோலையை இன்னும் அன்பான கடிதத்தோடு மறுபடி அனுப்பினார்கள். அண்ணை மறுபடி திருப்பி அனுப்பினார். இம்முறை தன் வாயால் சொல்லி என்னைக் கொண்டு ஒரு கடிதமும் எழுதுவித்தார். "ஐயா அல்லது அம்மணி, நான் கழுவாவிட்டால் சில்லு உருளாது. சில்லு உருளாவிட்டால் உங்கள் எமர்ஜென்சி வேர்க்கர் நடந்துதான் போக வேண்டும்" என்று தொடங்கி இரண்டு பக்கம்.

"இஞ்சருங்கோ," என்றார் ரெஜினா அக்கா, கெஞ்சும் குரலில். "காசை வாங்கி வைச்சுக்கொண்டு சண்டை பிடியுங்கோவன்."

"காசை வாங்கினாப் பிறகு பிடிக்கிறது சண்டையில்லை. நடிப்பு."

எனக்கும் கோபம் வந்தது. "அண்ணை, ஒரு சொல்லுக்காக வீட்டை விடப் போறியளோ?"

அவர் வழக்கத்துக்கு மாறாக மெல்லிய குரலில் பேசினார்.

"தம்பி, கொரோனா நேரம் நினைவிருக்கோ? அந்த வாகனங்களுக்குள்ள ஏற ஆக்கள் பயந்திச்சினம். நான் ஒரு நாள் லீவு எடுக்கேல்லை. வீட்டில தனி அறையில படுத்தனான். இவள் கதவடியில சாப்பாட்டை வைச்சிட்டுப் போவாள். வியாழக்கிழமையில சனம் வாசல்ல நிண்டு ஆஸ்பத்திரி, அம்புலன்ஸ் ஆக்களுக்கெண்டு கைதட்டினது. வேலையால வாற நான் றோட்டில நிண்டு கும்பிட்டனான். கைதட்டேக்க ஒருத்தரும் 'கிளீனரைத் தவிர' எண்டு சொல்லேல்லையே?"

நான் காசோலையை உறைக்குள் வைத்து ஒட்டினேன்.

"இன்னொண்டு. எங்கட டிப்போவில என்னோட கழுவிற மற்ற நாலு பேரும் இதே கொம்பனிதான். நாளைக்கு அதில ஒண்டு விழுந்தா, அண்டைக்கு அவைக்கு நல்லெண்ணம் வருமோ வராதோ ஆருக்குத் தெரியும்?"

அந்தக் கடிதத்துக்குப் பதிலாக நிதியம் ஆளையே அனுப்பியது. ஹெலன் என்று ஓர் அம்மணி, நேரில் பேச விரும்புவதாக அழைத்தார். வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு அண்ணை மறுத்துவிட்டார். "வீட்டில நான் நோயாளி. டிப்போவுக்கு வரச் சொல்லும்."

ஹெலன் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சாம்பல் நிறக் கோட், நல்ல சப்பாத்து, கையில் ஒரு கோப்பு. தேநீர் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். விதிகளைத் தான் எழுதவில்லை என்றார். தயவுசெய்து காசோலையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். இதைத்தான் கெஞ்சுவது என்று முதலில் சொன்னேன். அண்ணை தலையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில் ஓர் அம்புலன்ஸ் பின்புறமாக உள்ளே வந்து நின்றது. பெரிய வீதி விபத்து ஒன்றிலிருந்து வருகிறது. கதவைத் திறந்ததும் உள்ளே தரை, சுவர், ஸ்ட்ரெச்சர் எல்லாம் இரத்தம். வானொலியில் அடுத்த அழைப்பு வந்துவிட்டது: நெஞ்சு வலியோடு ஒருவர், மூன்று மைல் தூரத்தில். வேறு வாகனம் எதுவும் அருகில் இல்லை. அண்ணையின் இடத்துக்குக் கொம்பனி அனுப்ப வேண்டிய ஆள் அன்று வரவில்லை; மற்ற நால்வருக்கும் அன்று இரவு வேலை.

அண்ணை எழுந்தார்.

"அண்ணை, உங்கட தோள்..."

"கை ரெண்டு இருக்கு. ஒண்டுதான் உடைஞ்சது. ஏப்ரன் எடுத்துக்கொண்டு வாரும். மூண்டு."

மூன்றாவது யாருக்கு என்று நான் யோசிக்கும் முன்பே அவர் ஹெலனைப் பார்த்து வலது கையை நீட்டினார்.

"மேடம். யூ. பக்கெற்."

ஹெலன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். நான் கொடுத்த ஏப்ரனையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினார். சுகவீன லீவில் இருப்பவர் வேலை செய்வதைத் தடுக்க வேண்டிய மனேஜர், கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஒரு காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார்.

அண்ணை ஒற்றைக் கையால் வேலை வாங்கினார். எங்கே முதலில், எது பிறகு, எந்த மருந்துத் தண்ணீர் எத்தனை நிமிடம் ஊற வேண்டும், எந்த மூலையில் கிருமி ஒளிந்திருக்கும், எல்லாம் விரல் நுனியில். ஹெலன் ஓரிடத்தில் அவசரப்பட்டுத் துடைத்தபோது, "நோ மேடம்! நெக்ஸ்ட் பேசன்ற் யுவர் மதர்!" என்று அதட்டினார். ஹெலன் அந்த இடத்தை மறுபடி துடைத்தார், முதல் தடவையைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து.

பதினெட்டாவது நிமிடம் வாகனம் வெளியே போனது. வாசலைத் தாண்டியதும் சைரன் ஒலித்தது. மூவரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். ஹெலனின் கன்னத்தில் நுரை.

"மேடம்," என்றார் அண்ணை. "நவ் ரெல் மீ. ஹூ இஸ் எமர்ஜென்சி வேர்க்கர்?"

ஹெலன் மூச்சு வாங்கினார். நனைந்த சட்டைக் கையைப் பார்த்தார். "இன்றைக்கு நானும்தான் போலிருக்கிறது" என்றார் ஆங்கிலத்தில்.

அண்ணை யோசித்துவிட்டு, "யூ, ட்ரெயினி" என்றார்.

அந்த அம்மணி சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. போகும்போது காசோலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. விதிகளை மாற்றக்கூடியவர்களிடம் இதைக் கொண்டுபோகிறேன் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்காரனிடமிருந்து மட்டும் கடிதம் தவறாமல் வந்தது. ரெஜினா அக்கா பின்னேரத்திலும் ஒரு பேக்கரியில் நிற்கத் தொடங்கினார். கால் வீங்கி வீட்டுக்கு வருவார். ஒரு நாள் நான் போனபோது அண்ணை அவருடைய காலுக்கு ஒற்றைக் கையால் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அக்கா அப்படியே தூங்கிவிட்டார். அண்ணை என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"பிழை விட்டிட்டனோ தம்பி?"

இத்தனை வருடத்தில் தன்மேலேயே சந்தேகப்பட்டு அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். மற்றக் கேள்வியெல்லாம் கட்டளை மாதிரித்தான் வரும். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆறாம் வாரம் அண்ணை போன் பண்ணினார். "கடிதம் வந்திட்டுது. வந்து வாசியும்." நான் வரும்வரை உறையைப் பிரிக்கக்கூட அவர் விடவில்லையாம். அக்கா அதைப் பிரார்த்தனைப் புத்தகத்தின் மேல் வைத்திருந்தார்.

வாசித்தேன். நிதியத்தின் விதி மாற்றப்பட்டிருந்தது. சம்பளம் யார் கொடுத்தாலும் சரி, அம்புலன்ஸ்களை வீதிக்கு அனுப்பும் வேலையில் இருப்பவர்கள், வாகனம் கழுவுபவர்கள் உட்பட, அனைவரும் அவசர சேவை ஊழியர்களே. அவர்களும் அவர்களது குடும்பத்தினரும் இனி விண்ணப்பிக்கலாம். அண்ணையின் வாடகைக்கும் தோள் சிகிச்சைக்கும் உதவி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. காசோலை இணைக்கப்பட்டிருந்தது. நல்லெண்ணம் என்ற சொல் எங்கும் இல்லை.

"இன்குளூடிங் எண்டு என்னவோ வாசிச்சீர். அது என்ன?"

"உட்பட எண்டு அர்த்தம் அண்ணை."

"அப்ப நாங்கள் உள்ளுக்கையோ வெளியிலயோ?"

"உள்ளுக்கை அண்ணை. உள்ளுக்கை."

அவர் எழுந்து சமையலறைக்குள் போனார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என் காதருகே குனிந்தார்.

"அங்க கழுவ ஒண்டுமில்லை தம்பி. எல்லாம் நான் அப்பவே கழுவி வைச்சிட்டன்."

அந்த வருடமே எங்கள் டிப்போவில் கழுவும் கானா நாட்டுப் பெண் ஒருத்தி, கணவர் இறந்தபோது அதே நிதியத்துக்கு எழுதினாள். கேள்வி ஏதும் இல்லாமல் உதவி வந்தது. அண்ணை அதைக் கேட்டு, "பின்ன? அவள் எமர்ஜென்சி வேர்க்கரெல்லோ" என்றார், உலகம் தோன்றிய நாளிலிருந்து விதி அப்படித்தான் இருந்தது போல.

தோள் முழுதாகச் சரிவரவில்லை. வேலையை விட்டுவிட்டு, குட்மேய்ஸில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோய்விட்டார்கள். நான் லண்டனின் மறு கோடியில், சட்டனில் இருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பதினொரு மணிக்கு எனக்குப் போன் எடுப்பார். டிப்போவில் யார் எதைச் சரியாகக் கழுவவில்லை என்று விசாரித்து, அத்தனைக்கும் என்னையே ஏசிவிட்டு வைப்பார்.

போன மாதம் ஒரு ஞாயிறு போன் வரவில்லை. பதினொன்றரை வரை பொறுத்தேன். நானே மூன்று தரம் எடுத்தேன், பதில் இல்லை. நாலாம் தரம் எடுத்தார்.

"என்ன அவசரம்? குளிச்சுக்கொண்டு நிக்கிறன்! ஒரு மனிசன் ஆறுதலாச் சவுக்காரம் போட ஏலாதோ?" என்று ஏசத் தொடங்கினார்.

ஏசி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். கோட்டையும் போட்டு, கார் சாவியையும் எடுத்துக்கொண்டு, அதுவரை வாசல் கதவைத் திறந்தபடி நின்றிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.