முப்பத்தொன்பது ஆடுகளும் ஒரு கணக்காய்வாளரும்

கணக்கியல் சோதனையில் எல்லாக் கட்டமும் பாஸ் பண்ணியவர்கள் அடக்கமாக இருப்பார்கள். முதற்கட்டம் மட்டும் பாஸ் பண்ணியவர்களைத்தான் தாங்க முடியாது. அப்போது நான் இரண்டாம் வகை.

யாழ்ப்பாணத்தில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் சேர்ந்து மூன்றாம் கிழமை. எனக்கு மேலே இருந்த இரண்டு பேரில் ஒருவர் கொழும்புக்கும் மற்றவர் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். அலுவலக முதலாளியான சேர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நெடுந்தீவில பெண்களின்ர ஆடு வளர்ப்புச் சங்கம் ஒண்டு. ரெண்டு வருசமாக் கணக்கை ஓடிட் பண்ண ஆள் போகேல்லை. அறிக்கை இல்லாமல் அவையின்ர உதவிப் பணம் நிக்குது. நீர் போட்டு வாரும்."

"நான் தனியவோ, சேர்?"

"வேற ஆர் இருக்கினம்? கதிரையளையே அனுப்புறது?"

(அன்று அம்மாவிடம் "வேலைக்குப் போறன்" என்று சொல்லவில்லை. "கள ஆய்வுக்குப் போறன்" என்றேன்.)

குறிகட்டுவானில் படகேறி, காலைச் சாப்பாடு முழுவதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, குதி உயர்ந்த செருப்போடு நெடுந்தீவில் தள்ளாடி இறங்கினேன். துறையில் பத்துப் பெண்கள் மாலையோடு நின்றார்கள். அமைச்சர் யாரும் பின்னால் வருகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். மாலை எனக்குத்தான்.

"ரெண்டு வருசமாப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள், தங்கச்சி," என்றார் சங்கத் தலைவி மகேஸ்வரி அக்கா. "ஆடுகள் மேய்ச்சலால வரட்டும். முதல்ல சாப்பிடுங்கோ."

சோறும் இறைச்சிக் கறியும். வெறும் வயிறு. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். எலும்பைக்கூட விடவில்லை.

பிறகு ஆடுகளை எண்ணினேன். பதிவேட்டில் நாற்பது. பட்டியில் முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பதுதான். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். முதல் வேலையிலேயே மோசடி!

தொண்டையைச் செருமினேன். "இது பொதுச் சொத்து. ஒரு ஆட்டைக் காணேல்லை. நான் எழுதாமல் விடேலாது. ஆர் எடுத்தது?"

எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன். மகேஸ்வரி அக்கா கூட்டக் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தை விரித்தார்.

'கணக்காய்வாளரை உபசரிக்கக் கறுத்தக் கிடாய் ஒன்றை அறுப்பதெனச் சபை ஏகமனதாகத் தீர்மானித்தது.'

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "எடுத்தது நீங்கள்தான், தங்கச்சி. மூண்டு தரம்."

பட்டியே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. இரண்டு வருடம் எனக்காகக் காத்திருந்தவர்களையல்லவா கள்ளர் ஆக்கியிருந்தேன்! மன்னிப்புக் கேட்டேன். மகேஸ்வரி அக்கா முதுகில் தட்டி, தேத்தண்ணி தந்தார்.

சேருக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"வாடிக்கையாளரின்ர சொத்தில கை வைக்கக்கூடாதெண்டு நீர் படிக்கேல்லையோ?"

"அது ரெண்டாம் கட்டத்தில வருது, சேர்."

வேலை போய்விடும் என்று நினைத்தே அடுத்த நாள் அலுவலகம் போனேன். சேர் பெருமூச்சு விட்டார். "உம்மை நிப்பாட்டினால் நான்தான் படகேற வேணும். எனக்குக் கடல் ஒத்துவராது. போய் அறிக்கையை எழுதும்."

என் சம்பளத்தில் ஒரு கிடாய்க் குட்டி வாங்கிக் கொடுத்தேன். ஆடு நாற்பதானது, அறிக்கை போனது, உதவிப் பணமும் வந்தது.

இப்போது எல்லாக் கட்டமும் முடித்துவிட்டேன். என்ன பயன்? சரவணையில் உள்ள எங்கள் ஊர் வீட்டில் நான் இறைச்சிக் கறிக்குக் கை நீட்டினால் தம்பி எழும்பி, "சபை கூடிட்டுதோ?" என்பான். அப்பா முன்மொழிவார். அம்மா வழிமொழிவார். அதற்குப் பிறகுதான் எனக்கு அகப்பை வரும்.