ஏழெட்டு ஐம்பத்திநாலு

“நாப்பதாம் லா,” என்று மயிலம்மாள் கணவர் முன் தட்டை வைத்தாள். “அர்ச்சுனன் வாத்தியாருக்கு நாப்பது. ஒங்களுக்கு ரெண்டு.”

நல்லசாமி வாத்தியார் சோற்றைப் பிசைந்தார். மலாயாவில், லுக்குட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மேல் டிவிசன் பள்ளிக்கூடம் அவருடையது; கீழ் டிவிசன் அர்ச்சுனனுடையது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்குப் பயந்து, தொழிலாளர் குடியிருப்பு லயங்களையெல்லாம் ஒரே கம்பி வேலிக்குள் நகர்த்தப் போகிறார்கள். அடுத்த ஆண்டு முடிந்ததும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே தலைமையாசிரியர். அதிகம் முன்னேறிய பள்ளிக்கூடத்தின் ஆசிரியருக்குத்தான் அந்த நாற்காலி.

“எம் பிள்ளைங்க எழுபத்திரண்டு மார்க். அவன் பிள்ளைங்க வெறும் அறுபது.”

“அத அவரு பொண்டாட்டிகிட்டப் போய்ச் சொல்லுங்க. குழாயடியில நாப்பது நாப்பதுன்னு அவளோட பேச்சு தாங்கல.”

அன்றே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தம்பிராஜாவிடம் போனார்.

“மாஸ்டர், மரத்தில பால் எவ்வளவு எண்டு துரை பாக்கிறதில்ல. போன முறையை விட எவ்வளவு கூட எண்டுதான் பாப்பார். அர்ச்சுனன் மாஸ்டருக்கு ஜனவரிச் சோதனையில இருபது, அக்டோபரில அறுபது. உங்களுக்கு எழுபது, எழுபத்திரண்டு. உங்கட பிள்ளையள் தொடக்கத்திலேயே கெட்டிக்காரராப் போட்டினம். அதுதான் பிழை.”

நல்லசாமிக்கு ஞானம் பிறந்தது.

ஜனவரி வந்ததும் வகுப்பில் சொன்னார்: “இந்தச் சோதனையில எல்லாரும் தப்பா எழுதணும்.”

ஒத்திகை பார்த்தார். சராசரி அறுபத்தெட்டு மார்க் வந்தது.

பஞ்சாலை என்ற சிறுமி எழுந்து நின்றாள். “தப்பா எழுத வரல சார்.”

ஆகவே அதையும் பாடமாக்கினார். ஏழெட்டு ஐம்பத்திநாலு என்று கரும்பலகையில் எழுதினார். ஒன்பதாறு அறுபத்தொன்று. மூன்று வாரம் பிள்ளைகள் ராகம் போட்டுப் படித்தார்கள். சன்னல் வழியே கேட்ட மணியம் கங்காணி, “இந்த வருசம் படிப்பு ரொம்பக் கடுமையா இருக்கு” என்று பாராட்டிப் போனார்.

சோதனை முடிந்தது. முப்பத்தொரு தாள்களையும் கட்டிக்கொண்டு சிரம்பானிலுள்ள கல்வி ஆபீசில் கொடுக்கப் புறப்பட்டார். தோட்டத்துக் கேட்டில், காட்டுக்கு அரிசி கடத்துகிறாரா என்று பார்க்கக் கட்டைப் பிரித்தார்கள்.

அரிசி இல்லை. ஆனால் முப்பத்தொரு தாளிலும் ஒரே எண்கள், எல்லாம் தப்பு. அங்கே நின்றிருந்த போலீஸ் துரையின் முகம் சிவந்தது. கூட இருந்த கான்ஸ்டபிள் முருகையா மொழிபெயர்த்தார்:

“இது காட்டுக்காரங்களுக்கு எழுதின ரகசியக் குறியான்னு, ஐம்பத்திநாலுன்னா எத்தன பேரு, அறுபத்தொண்ணுன்னா எந்தப் பாதைன்னு தொர கேக்குறாரு.”

“ஐயோ, அது வாய்ப்பாடுங்க.”

“வாய்ப்பாட்டுல ஏழெட்டு ஐம்பத்தாறுன்னு தொரைக்கே தெரியுது.”

இரண்டு மணி நேரம் கழித்து நல்லசாமி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். துரை நம்பவில்லை. பஞ்சாலையைக் கூட்டி வந்தார்கள்.

“ஏழெட்டு?” என்றார் முருகையா.

“ஐம்பத்திநாலு,” என்றாள் அவள், கை கட்டி, கணீரென்று.

துரை பேனாவை மூடினார். இதைத் தோட்டத்துத் துரையிடம் தாமே சொல்வதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். நாற்காலியும் ஜீப்போடு போவது நல்லசாமிக்குத் தெரிந்தது.

“போகட்டும்,” என்றார். “அந்த அர்ச்சுனன மாதிரி யோக்கியனுக்கே கெடைக்கட்டும்.”

முருகையா தாள்களை அடுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

“போன ஜனவரியில அவரு கட்டையும் நாந்தான் சார் பிரிச்சேன். அதுலயும் முக்காவாசி தப்புதான். ஆனா அவரு, ஆளுக்கொரு தப்பா சொல்லிக் கொடுத்திருந்தாரு.”